செவலை அசை போடவில்லை

ஆகஸ்ட் 9, 1974. வெள்ளி.

கச்சான் காற்று. மேசையெல்லாம் உப்பு மண். தீவன ஆலைக்கு அறிக்கை அனுப்பியாயிற்று: என்சைம் பொடி கலந்து பதினைந்து நாள், பால் கூடியது, செரிமானம் நன்று. சோதித்தது ஒரே மாடு. அக்காவின் செவலை. மேனேஜருக்கு அது தெரியாது.

பிளேடு, மை வாங்க வேண்டும்.

"ஏலே, அந்தப் பொடி எதையும் செரிக்க வச்சிருமா?" என்றாள் அக்கா. படித்துக்கொண்டிருந்தேன். "வச்சிரும்க்கா." நிமிராமல்.

ஆகஸ்ட் 11. ஞாயிறு.

கோயிலில் அசனப் பண்டிகை. ஊரே பந்தியில். மிஞ்சிய சோற்றில் ஒரு வாளி அக்கா கொண்டுவந்தாள்.

மாலை. தொழுவில் காலி வாளி. செவலையின் இடப்பக்கம் உப்பிக் கிடக்கிறது. அசை போடவில்லை. ஆறு மாதச் சினை. அத்தான் போனபின் துறைமுக டீக்கடைக்கு இந்தப் பாலை ஊற்றித்தான் அவள் பிழைப்பு.

"இவ்வளவு சோறா வைப்ப?"

"நீதானல செரிக்க வைக்கும்ன?"

"பொடிய எதுல கலந்த?"

"கொதிக்கிற கஞ்சியில. கருப்பட்டியும் போட்டு. மொத நாள்லருந்தே அப்படித்தான். மருந்து பச்சத்தண்ணியிலயா கரையும்?"

கொதியில் என்சைம் செத்துவிடும். சொல்ல மறந்தேன். பதினைந்து நாளும் செத்த பொடி. பால் கூடியது கஞ்சியால்.

செத்திருக்காவிட்டாலும் ஒரு வாளிச் சோற்றுக்கு அது ஈடாகாது. தெரிந்துதான் "வச்சிரும்" என்றேன். தெரிந்துதான்.

உப்புசத்துக்குக் கைமருந்து வாங்கப் போனேன். கடை அண்ணாச்சி: "காலேசுல படிச்சவனே ஆப்பச் சோடாவுக்கு வாரியாக்கும்!" கடையில் சிரிப்பு. கரைத்து மூங்கில் குழாயில் புகட்டினோம். என் சட்டையில் பாதி.

ஆகஸ்ட் 12. திங்கள்.

விடிந்ததும் மாட்டு டாக்டர். ஊசி. "பொழுது சாயுமுன்ன அசை போட்டா பொழைக்கும். இல்லன்னா சொல்லதுக்கில்ல."

பதினொரு மணி. நடத்திப் பார்த்தோம். இல்லை.

ஆலையிலிருந்து ஆள். மேனேஜருக்கு மகிழ்ச்சியாம். என் அறிக்கையை நோட்டீஸாக அடித்து வேம்பார், கயத்தாறு எங்கும் கொடுக்கப்போகிறார்களாம். அங்கேயும் கஞ்சி கொதிக்கும். அங்கேயும் அசனம் மிஞ்சும்.

அவனை நிற்கச் சொல்லி, தொழுவில் உட்கார்ந்தே எழுதினேன்.

"என்னல எழுதுத?"

"முன்ன எழுதுனது தப்புன்னு."

"வேலை போயிருமே."

"போவும்."

அக்கா செவலையின் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டே இருந்தாள். ஆள் கடிதத்தோடு போனான்.

நாலரை. செவலையின் முகத்தில் ஈ.

ஐந்து. கழுத்தில் ஏதோ ஏறியது போல. தாடை ஒரு பக்கமாக. ஈயை விரட்டுகிறதா? மறுபடியும். அக்கா என் கையைப் பிடிக்கிறாள்.

"பேனாவ வைல. சத்தம் காட்டாத."