அமாவாசையன்று பார்த்த வீடு

டீச்சர்,

இன்று காலை வீடு பார்க்க ஆள் வருகிறார்கள் என்று உங்கள் மர அலமாரியைத் திறந்து காற்றாட விட்டேன். நீலகிரித் தைல வாசம் குப்பென்று அடித்தது. மேல்தட்டில் பழைய பிஸ்கட் டப்பா, அதற்குள் காதில் அடைக்க நீங்கள் உருட்டி வைத்த பஞ்சு உருண்டைகள். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகியும் அந்த வாசம் போகவில்லை. பெருக்க வந்தவளை அப்புறம் வா என்று அனுப்பிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

வந்தவர்கள் மெட்ராஸ்காரர்கள், கணவனும் மனைவியும். பிள்ளைகளின் லீவுக்கும் கோயில் உற்சவத்துக்கும் வந்து தங்க ஒரு வீடு வேண்டுமாம். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார்கள். கிணற்றடிக்குப் போனதும் அந்த அம்மாள், "எவ்ளோ அமைதியா இருக்குது பாருங்க" என்று கணவரிடம் சொன்னாள். இன்று அமாவாசை. பெரிய காஞ்சிபுரத்தில் இந்தத் தெரு முழுக்கத் தறிக்கு லீவு. இரண்டு பக்கமும் நெசவு வீடு, எதிரே மூன்று வீட்டில் தறி, நாளைக் காலை வந்து காதால் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். கல்யாணத்தைக் கலைத்தவளைப் பார்ப்பதுபோல் தரகர் என்னைப் பார்த்துவிட்டுப் போனார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய பேச்சு அது.

ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை, ஒரே போர்ஷனில் குடித்தனம். வருஷக்கணக்கில் ஒரே சட்டியில் குழம்பு வைத்தும் நீங்கள் எனக்கு டீச்சர், நான் உங்களுக்கு டீச்சர். பேர் சொல்லிக் கூப்பிட இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. மெட்ராஸ் தங்கசாலையில் நம் போர்ஷனுக்குக் கீழே அச்சாபீஸ். மெஷின் ஓடினால் நம் வீட்டுத் தட்டு டம்ளர் எல்லாம் ஆடும். உங்களுக்கோ ஒற்றைத் தலைவலி. வந்துவிட்டால் ஜன்னலைச் சாத்தி, ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு, சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவீர்கள். காலாண்டு லீவு, அரையாண்டு லீவு, மே மாசம், இத்தனைக்கும் போய்ச் சத்தமில்லாமல் படுத்துக்கிடக்க நமக்கென்று ஒரு வீடு வேண்டும் என்று சொன்னது நீங்கள்தான். "எனக்கு ஒண்ணும் வேணாம் டீச்சர். தூங்கி எழுந்தா தல கனக்காம இருந்தா போதும்" என்றீர்கள். காஞ்சிபுரம் என்று சொன்னது நான். எனக்குக் காமாட்சி பைத்தியம்.

மூன்று இடம் பார்த்தோம். முதலில் உங்கள் ஊர் மாகறல். அங்கே வீடு மலிவு, ஆற்றுக் காற்று வேறு. ஆனால் அண்ணன்மார் வீட்டு விசேஷத்தில் தாலியறுத்தவள் என்று உங்களை ஓரமாக உட்கார வைத்த ஊர். அவர்கள் வாசலைத் தாண்டிப் போய் லீவு கழிக்க மாட்டேன் என்று முடித்துவிட்டீர்கள்.

அடுத்தது திருப்பருத்திக்குன்றம். ஆற்றைத் தாண்டி, சமணக் கோயிலுக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு. புளியமரத்தில் காக்காய் கத்தினால்தான் சத்தம். விற்பவர்கள் சமணக் குடும்பம், பக்கத்து வீட்டிலேயே இருந்தார்கள். கவிச்சி சமைக்கக்கூடாது என்று அவர்கள் சொன்னதும் நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். கருவாடு இல்லாமல் கூழ் இறங்காத ஆள் நீங்கள். "கருவாட்ட மெட்ராஸ்லயே தின்னுக்கலாம் டீச்சர்" என்றீர்களே, அப்போதே தெரிந்தது, அந்த வீட்டின்மேல் உங்களுக்கு எவ்வளவு ஆசை என்று. நான்தான் ஆயிரம் நொட்டை சொன்னேன். ஆற்றில் தண்ணீர் வந்தால் எப்படித் தாண்டுவது, சாயங்காலத்துக்கு மேல் வண்டி கிடைக்காது, இரண்டு பொம்பளைகள் தனியாக இருப்பதா, மாசக்கணக்கில் பூட்டிப் போட்டால் யார் பார்த்துக்கொள்வார்கள். எல்லாமே நியாயமான பேச்சுத்தான். ஆனால் நியாயத்துக்காக நான் பேசவில்லை. கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்.

மூன்றாவது இந்த வீடு. நல்ல காரியம் எதுவானாலும் அமாவாசையன்று தொடங்குவது உங்கள் அப்பா வழக்கம் என்று சொல்லி, அந்த நாளைக் குறித்தது நீங்கள். நெல் விளைகிற ஊரில் பிறந்தவருக்குத் தறிக்காரர் லீவு எங்கே தெரியும்? மொட்டை மாடிக்கு ஏறினோம். ஏகாம்பரநாதர் கோபுரம் கைக்கெட்டுகிற மாதிரி நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அடுத்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டே வாடகைப் போர்ஷனில் வளர்ந்தவள் நான். நீங்கள் மட்டும் மறக்காமல் தரகரிடம் சத்தம் இருக்குமா என்று கேட்டீர்கள். "நீங்களே கேட்டுக்கினுதானே இருக்கீங்க, எதுனா சத்தம் கேக்குதா?" என்று அந்த ஆள் திருப்பிக் கேட்டார். கெட்டிக்காரர், ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை.

இதுவரை உங்களுக்குத் தெரிந்த கதை. இனி தெரியாதது.

நீங்கள் மாடியில் தரகரோடு ஒழுகுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் கீழே கிணற்றடிக்கு வந்தேன். பக்கத்து வீட்டு நெசவுக்காரர் சம்சாரம் மதில் மேலாக எட்டிப் பார்த்து, வீடு வாங்க வந்தீர்களா என்று கேட்டாள். ஆமாம், லீவுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கத்தான் என்றேன். அவள் சிரித்துவிட்டாள். "இன்னிக்கு அமாவாச, தறி லீவும்மா. நாளிக்கி வந்து நின்னு பாரு, நீ பேசறது உனக்கே கேக்காது" என்றாள். அப்போது நீங்கள் படியிறங்கி வந்தீர்கள். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. "இதயே முடிச்சிடலாமா டீச்சர்?" என்று கேட்டீர்கள். முடித்துவிடலாம் என்றேன். சொன்னால் நீங்கள் ஆற்றைத் தாண்டிப் போய்விடுவீர்கள். அந்தப் பயம் ஒன்றுதான் எனக்கு. முன்பணம் கொடுத்ததும் அடுத்த அமாவாசையன்றுதான். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

காலாண்டு லீவுக்கு முதல் தடவையாக, தறி ஓய்ந்த ராத்திரி நேரத்தில் வந்து இறங்கித் தங்கினோம். மறுநாள் விடிந்ததும் இரண்டு பக்கச் சுவரிலும் தடக் தடக்கென்று தொடங்கியது. நீங்கள் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டீர்கள். வெளியே போய் விசாரித்துவிட்டு வந்து என் எதிரே நின்றீர்கள். "அமாவாசைன்னிக்கு மட்டுந்தான் லீவாம் டீச்சர். நாந்தான் புத்தி கெட்டுப்போயி, அமாவாச அமாவாசன்னு உங்களயும் இழுத்துக்கினு வந்து இதுல தள்ளிட்டேன்." அப்போதாவது சொல்லியிருக்கலாம். இட்லிக்கு ஊறப்போடப் போகிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நீங்கள் எனக்குச் செய்ததெல்லாம் அந்தக் குற்றத்துக்குப் பிராயச்சித்தம். காற்று வருகிற அறையை எனக்குக் கொடுத்தீர்கள். கிணற்றில் என்னைத் தண்ணீர் இறைக்க விட்டதில்லை. பங்குனி உத்திரக் கூட்டத்தில் எனக்கு இடம் பிடிக்க வெயிலில் முன்னால் போய் நின்றீர்கள். நான் வாய் நீளமானவள், எதற்காவது சிடுசிடுத்தால், "நான் பண்ண வேலதான, அனுபவிக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே போவீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் தலைவலியைக் கேள்விப்பட்டு மத்தியானத்தில் இரண்டு மணி நேரம் தறியை நிறுத்தி வைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம், அது அவர்கள் சோறு என்று மறுத்துவிட்டீர்கள். பஞ்சை உருட்டித் தைலத்தில் நனைத்துக் காதில் வைத்துக்கொண்டீர்கள்.

தாங்காத நாட்களில் குடையை எடுத்துக்கொண்டு திருப்பருத்திக்குன்றத்துக்கு நடப்பீர்கள். கோயில் மண்டபத்தில், மேலே சித்திரம் தீட்டிய கூரைக்குக் கீழே, கல்தரையில் முந்தானையை விரித்துப் படுத்துக்கொள்வீர்கள். ஒருமுறை நானும் வந்தேன். படுத்த ஐந்தாவது நிமிஷம் நீங்கள் தூங்கிப்போனீர்கள், வாய் லேசாகத் திறந்திருந்தது. திரும்பி வரும் வழியில் அந்த ஓட்டு வீடு. யாரோ வாங்கி வாசலில் பூசணிக்கொடி விட்டிருந்தார்கள். நீங்கள் நின்று ஒரு நிமிஷம் பார்த்தீர்கள். பூ நன்றாக வைத்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தீர்கள். நான் பாவி, அதற்கும் ம் கொட்டிக்கொண்டே பின்னால் வந்தேன்.

தலைவலிக்கும் உங்களைக் கொண்டுபோன வியாதிக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். என் முகத்தில் என்ன பார்த்தாரோ தெரியவில்லை.

கடைசி வாரம் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் ஒரு பிற்பகல். நான் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு அன்று நல்ல நினைவு இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த வீட்டு விஷயத்துல உங்களுக்குப் பெரிய தப்பு பண்ணிட்டேன் டீச்சர். மனசுல வச்சிக்காதீங்க, மன்னிச்சிடுங்க" என்றீர்கள்.

அறையில் நாம் இரண்டு பேர்தான். சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் என் கையை விட்டுவிடுவீர்களோ என்று பயந்தேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர். எப்பவோ மன்னிச்சிட்டேன்" என்றேன்.

நீங்கள் கண்ணை மூடி நிம்மதியாகத் தூங்கினீர்கள்.