வீட்டில் எத்தனை பேர்

அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அம்மா என்னோடு பேசி இன்றோடு ஒன்பது நாளாகிறது. போனில் சொல்ல முடியாததால் லாரி ஓட்டும் உன் கூட்டாளியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நூற்பாலையை மூடிய பிறகு, தொழிலாளர் கணக்கெடுப்பில் மூன்று மாத வேலை கிடைத்தது என்று சொன்னேன் அல்லவா. வீடு வீடாகப் போய், யார் யார் இருக்கிறீர்கள், என்ன வேலை, போன வருஷம் இதே நேரம் எந்தப் பகுதியில் குடியிருந்தீர்கள் என்று கேட்டு எழுத வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருப்பவர்களை வீட்டில் எழுதக் கூடாது, இருக்கிற இடத்தில்தான் எழுதுவார்கள். நம் தெருவில் பாதி வீடுகளில் வயசான இரண்டு பேர்தான் மிச்சம். லேத் பட்டறைக்காரர் தன் மகள் மாடியில்தான் இருக்கிறாள் என்று அடித்துச் சொன்னார். மாடிப் பூட்டு துருவேறிக் கிடந்தது. நான் தலை நிமிராமல் அவளை விட்டுவிட்டு எழுதிக்கொண்டு வந்தேன்.

நம் வீடும் பட்டியலில் விழுந்தது. சொந்த வீட்டை நானே எழுதக் கூடாதென்று மேற்பார்வையாளர் வேறொரு பெண்ணை அனுப்பினார். எத்தனை பேர் என்று அவள் கேட்டதும் அம்மா யோசிக்காமல், மூணு பேரும்மா என்றாள். உன் வயசு, படிப்பு எல்லாம் கடகடவென்று ஒப்பித்து, வேலைக்குப் போயிருக்கான், வந்துடுவான் என்றாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். ஊரார் பிள்ளைகளை எல்லாம் விட்டுவிட்டு என் பிள்ளையை மட்டும் எந்த முகத்தோடு எழுதச் சொல்வேன்? ரெண்டு பேர்தாம்மா, அவன் போய் ரெண்டு வருஷமாச்சு என்றேன். அம்மா எழுந்து, பெத்த பிள்ளைய ஒத்த வார்த்தையில வீட்ட விட்டு எடுத்துட்டீங்களே என்று சொல்லி உள்ளே போனாள். அதுதான் கடைசிப் பேச்சு.

மறுநாள் நீ கூப்பிட்டாய். உங்கள் கிடங்குக்கும் கணக்கெடுக்க வந்தார்களாம், முதலாளி நாலு பேரைக் காட்டிவிட்டு, உன்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேரைப் பின்கட்டில் போட்டு மூச்சு விடக் கூடாது என்றாராம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் சிக்னல் போச்சு என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் மேற்பார்வையாளரிடம் போய், மகனை நம் வீட்டிலேயே சேர்க்க முடியுமா என்று கேட்டேன். அவர் நல்ல மனுஷன், டீ வாங்கிக் கொடுத்து, கவலப்படாதீங்க, அங்க எழுதியிருப்பாங்க என்றார். நான் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

திரும்பி வா என்று எழுத ஆசைதான். வந்து என்ன செய்வாய்? என் வேலையே இந்த மாதத்தோடு சரி. எந்த ஊர் என்று கேட்டால், அது எதுக்குப்பா என்று மழுப்புகிறாய். தெரு, கட்டடம் எல்லாம் ஒரு தாளில் எழுதி ஓட்டுநரிடமே கொடுத்துவிடு. யாருக்கும் காட்ட மாட்டேன். பாரம் தூக்கும்போது இடுப்பைப் பார்த்துக்கொள், வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், வேறொன்றும் நான் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் மறக்காதே. அவனை அங்கே எழுதிக்கொண்டார்கள் என்று சொல்லித்தான் அம்மாவைச் சாப்பிட வைத்திருக்கிறேன். அவள் கேட்டால் நீயும் ஆமாம் என்றே சொல்லு.

இப்படிக்கு,
உன் அப்பா