எந்த ஸ்கிரீனிலும் இல்லாத நிழல்

ஏங்க,

இங்க திருப்பூர்ல, பனியன்ல அச்சடிக்கக் கடற்கரை வீடு ஒண்ணு வரையச் சொன்னாங்க. நம்ம வீட்டையே வரைஞ்சு கொடுத்தேன். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன், அதான் மை இறக்குற அச்சுச் சட்டம், போடணும். சுவருக்கு மஞ்சள், கதவுக்கு நீலம், வாசப்படியில முக்கோணமா விழுற கூரை நிழலுக்குச் சாம்பல். வெளிச்சத்துக்கு மை கிடையாது. துணியோட வெள்ளையை அப்படியே விட்டுட்டா அதுதான் நம்மூர் வெயில்.

முதல் பீஸ்லயே முக்கோணத்துக்குப் பக்கத்துல ஒரு ஆளோட நிழலும் விழுந்திருந்துச்சு. பிரிண்டிங் மாஸ்டர் வேல்குமார் மூணு ஸ்கிரீனையும் தூக்கிப் பிடிச்சுப் பாத்தார். "ஏனுங்கக்கா, இந்த நெழலு எதுலயுமே இல்லீங்களே?"

கழுவிட்டு மறுபடி அடிச்சோம். ஒவ்வொரு பீஸ்லயும் நிழல் கதவுகிட்ட நெருங்குது. வலை சுமந்து சுமந்து உங்களுக்கு இருக்குற மாதிரியே வலது தோள் தாழ்ந்திருக்கு. இன்னைக்குக் கை கதவுமேல இருக்கு.

எனக்குப் பயமில்லைங்க.

அன்னைக்குக் கோவத்துல நான் தாழ்ப்பாள் போட்டதும், நீங்க தட்டத் தட்ட உள்ளயே உக்காந்திருந்ததும் ஒருத்தருக்கும் தெரியாது. அப்புறம் நீங்க ஏறிப்போன, திரும்பி வராத படகைப் பத்தி நான் எழுத மாட்டேன்.

நாளைக்கு நீல ஸ்கிரீனை எடுத்து ஓரமா வச்சிடுறேன். கதவு இருந்த இடத்துல வெறும் வெயில்தான் இருக்கும்.

உள்ள வந்துடுங்க.

உங்க வீட்டுக்காரி