இரண்டு துளைத் தட்டு

நானா,

புது மேசைவிரிப்பில் இரண்டு எண்ணெய்ப் புள்ளிகள் விழுந்துவிட்டன. நத்தாருக்கென்று எடுத்து வைத்திருந்ததை இன்று காலைதான் விரித்தேன். அதன்மேல் பழைய தகரத் தட்டை வைத்து, உருக்கிய பட்டரைப் பூசிவிட்டு, தயிர்ச் சட்டியை எடுக்கக் குசினிக்குள் போனேன். திரும்பி வந்து தட்டைத் தூக்கினால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புள்ளி. நீங்கள் ஆணி வைத்து அடித்த துளைகள் வழியாக ஒழுகியிருக்கிறது. யாரைத் திட்டுவது? உங்களைத்தான் திட்டினேன், வாய்விட்டு. முன்னறையில் இருந்து என் வீட்டுக்காரர், "ஆரோட கதைக்கிறாய்?" என்று கேட்டார். "நானாவோட" என்றேன். நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போய் எட்டு மாதம் ஆகிறது என்பது அவருக்கும் தெரியும்.

அந்தத் துளைகளின் கதையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மார்கழி பிறந்தால் நத்தார்ப் பலகாரத்துக்காக, நாவற்குடாவில் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகள் எல்லாம் தட்டும் கையுமாக உங்கள் பேக்கரிக்குத்தான் வரும். காலைப் பாண் இறங்கிய பிறகும் போறணை அடுப்புக்குள் சூடு நிற்கும் அல்லவா, அந்தச் சூட்டில் கேக்கும் பிஸ்கட்டும் வேகவைத்துத் தருவீர்கள். எல்லோரும் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரித் தகரத் தட்டு. ஒருமுறை என் பிஸ்கட் தையல்கார அக்கா வீட்டுக்கும், அவவுடையது என் வீட்டுக்கும் போய், இரண்டு பேரும் ஒரு கிழமை கதைக்காமல் இருந்தோம். அடுத்த நாளே ஆணியும் சுத்தியலும் எடுத்தீர்கள். என் தட்டுக்கு இரண்டு துளை, அக்காவின் தட்டுக்கு மூன்று. "மூண்டுக்கு மேல அடிச்சா அது தட்டில்ல, அரிதட்டு" என்று மற்ற வீட்டுத் தட்டுகளில் கோடு கீறிவிட்டீர்கள்.

முஸ்லிம் கடைகளுக்குப் போகக்கூடாது என்று ஊரில் கதை ஓடிய ஒரு காலத்தில், சிலர் தட்டைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போனார்கள். நான் போகவில்லை. அதைப் பெரிய மனசு என்று நினைத்து ஒருநாள் எனக்கு நன்றி சொன்னீர்கள். உண்மையைச் சொன்னால், உங்கள் பேக்கரி பக்கத்தில் இருந்தது, டவுனுக்குப் போக எனக்குப் பஞ்சி, வெறும் சோம்பல். அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நீங்கள் நன்றி சொன்னது காதுக்கு நன்றாக இருந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன்.

இனி, அவருக்கு ஒப்பரேசன் நடந்த அந்த வருடத்துக்கு வருகிறேன். அதற்குத்தான் இந்தக் கடிதமே.

அவருக்கு வாயில் வந்த புண்ணைக் கொழும்பில் வெட்டி எடுத்து, தாடையில் ஒரு பகுதியையும் எடுத்து அனுப்பியிருந்தார்கள். எத்தனையோ வருட வெற்றிலை. உயிர் தப்பியது பெரிய காரியம். ஆனால் வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கும். வலப்பக்க உதடு மரத்துப் போனதால் கஞ்சி குடித்தாலும் ஓரத்தால் வடியும், வடிவது அவருக்குத் தெரியாது. அதனால் யாரும் பார்க்கச் சாப்பிடமாட்டார். குசினிக்குள் சுவரைப் பார்த்தபடி இருந்து சாப்பிடுவார். எங்கள் மகளுக்கு முன்னால்கூட இல்லை. "வாய்க்குள்ள எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத" என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு சின்ன ஒப்பரேசன் என்று சொல்லி வைத்தேன். உங்களுக்கும் அதைத்தான் சொன்னேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். நத்தார்ப் பூசை முடிந்து வந்ததும் அவர் முன்னறையில் இருந்து முதல் பிஸ்கட்டை எடுத்து இரண்டாக உடைப்பார். ஒரு பாதியை அவர் கடிப்பார், மற்றப் பாதி எனக்கு. அதற்குப் பிறகுதான் வந்திருப்பவர்களிடம் தட்டுப் போகும். அவருடைய அப்பா அப்படிச் செய்தவராம். அந்த வருடம் நத்தாருக்கு ஒரு கிழமைக்கு முன், "இந்த முறை நீ உடைச்சுக் குடு. நான் அறைக்குள்ள இருக்கிறன்" என்றார். ஒரு சாமானை எடுத்து வைக்கச் சொல்வது போலச் சொன்னார். இன்றைக்கு அறைக்குள் போகிறவர் இனி வெளியே வரமாட்டார் என்று எனக்குப் பட்டது.

மகள் அப்போது வந்தாறுமூலைக் கம்பஸில் படித்துக்கொண்டிருந்தாள். லீவில் வந்தவள் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். நடுவில் மெத்தென்று, வாயில் வைத்தால் தானாகக் கரையும் பிஸ்கட். அதில் போட்ட புளித்த கிறீம் இங்கே கிடைக்காது. "எருமைத் தயிர் இருக்கக்குள்ள என்னத்துக்கு அது?" என்றாள். பட்டர், சிவப்புச் சீனி, கட்டித் தயிர், கித்துள் வெல்லப் பாணி, கறுவாப்பட்டைத் தூள், கொஞ்சம் அப்பச்சோடா. ஒரே ஒரு கட்டளைதான்: பத்து நிமிடத்தில், மேலே வெளுப்பாக இருக்கும்போதே வெளியே எடுக்கவேண்டும். ஆறினால் தானாகப் பிடிக்கும். வேகாதது போல் இருப்பதுதான் பதம்.

நத்தாருக்கு இரண்டு நாளைக்கு முன், கொட்டும் மழையில், பொலித்தீனால் மூடிக்கொண்டு தட்டைக் கொண்டுவந்தேன். "பத்து நிமிசம்தான் நானா. வெள்ளையா இருக்கக்குள்ளயே எடுங்க. ஒப்பரேசன் செஞ்ச வருத்தக்காரருக்கு" என்றேன். "ஓம் தங்கச்சி, நான் பாத்துக்கிறன்" என்றீர்கள். அவருக்குக் கஞ்சி கொடுக்கும் நேரம், அதனால் நான் வீட்டுக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது உங்கள் முகத்தில் பெருமை. பத்திரிகைத் தாளை நீக்கிக் காட்டினீர்கள். பிஸ்கட் எல்லாம் நல்ல கபில நிறம். "நல்லா முறுகி வந்திரிக்கி தங்கச்சி, பாருங்க!" நான் ஒன்றை எடுத்து மேசையில் தட்டினேன். ஓட்டுத் துண்டைத் தட்டியது போலச் சத்தம் வந்தது.

"பத்து நிமிசத்துல எடுத்தன். விரல் வச்சா உள்ள போகுது. பச்ச மா. வருத்தக்கார மனிசன்ர வயித்துக்கு அதக் குடுக்க மனசு வரல்ல. திருப்பி வச்சன்" என்றீர்கள்.

அன்பால்தான் செய்தீர்கள், நானா. எனக்கு அது அந்த நேரத்திலேயே விளங்கியது. விளங்கியும் கத்தினேன். "அவருக்கு வாய் திறக்கேலா! தாடையில பாதிய வெட்டிப்போட்டு அனுப்பியிருக்காங்க! கஞ்சியே வழியுது, இந்தக் கல்ல எப்பிடிச் சாப்பிடுற?" என்று கடை அதிரக் கத்தினேன். பணிஸ் வாங்க நாலு பேர் நின்றார்கள். மூன்று துளைத் தட்டுடன் தையல்கார அக்காவும் அவர்களில் ஒருத்தி. மூன்று மாதம் பொத்திக் காத்ததை ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, தட்டை அங்கேயே போட்டுவிட்டு, நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். பிஸ்கட் போனது ஒரு பக்கம். சத்தியத்தை உடைத்துவிட்டேன் என்பதுதான் என்னைத் தின்றது. அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் காலை நீங்கள் சைக்கிளில் வந்து வாசல் படலையில் நின்றீர்கள். கதவைத் திறந்தது அவர். நான் குசினிச் சன்னலோரம் நின்று பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பிழ என்னோடதான். உங்கட பிஸ்கட்ட நான்தான் கல்லாக்கிப் போட்டன். தங்கச்சி கோவத்துல கடையில சத்தம் போட்டுட்டாங்க. உங்கட வாயப் பத்தியும் சொல்லிட்டாங்க. நாலு பேர் கேட்டுட்டாங்க. அவங்களோட கோவிக்காதீங்க" என்றீர்கள்.

அவர் சொன்னார்: "நம்முட ஊர்ல நாலு பேர் கேட்டா ஊரே கேட்டமாதிரித்தான். இனி ஒளிச்சு என்ன செய்யிற?" சொல்லிவிட்டுச் சிரித்தார். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்ட சிரிப்பு. ஒப்பரேசனுக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். நீங்கள் அவரைப் பார்த்தபடி நின்றீர்கள். வாயைத் திறந்து ஏதோ சொல்லவந்து, சொல்லாமல் விட்டீர்கள். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏன் விட்டீர்கள் என்பது விளங்கத்தான் இத்தனை வருடம் பிடித்தது.

சைக்கிள் கூடையில் இருந்து பட்டரை எடுத்து என்னிடம் நீட்டினீர்கள். "மாவக் குழைங்க. இந்த முற நீங்க கிட்ட நிண்டு சொல்லுங்க. நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறன்."

பேக்கரியில் அப்படியே நின்றீர்கள். தட்டை உள்ளே தள்ளிவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டீர்கள். நான் "எடுங்க" என்றதும் எடுத்தீர்கள், உடனே கையைத் திரும்பவும் பின்னால் கொண்டுபோனீர்கள். தட்டில் பிஸ்கட் வெளுத்து, தொட்டால் அமுங்கும்போல் கிடந்தது. உங்கள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "இன்னும் ரெண்டு நிமிசம் விடுவமா, தங்கச்சி?" "வேணாம் நானா." "ஒரு நிமிசம்?" "வேணாம்." அது ஆறும் வரைக்கும் அந்தக் கை முன்னால் வரவில்லை.

நத்தார் காலையில் அவர் முன்னறையில் இருந்தார். வீடு நிறைய ஆட்கள். முதல் பிஸ்கட்டை எடுத்து உடைத்தார். உடைந்த சத்தமே இல்லை. ஒரு பாதியைச் சின்னதாகக் கிள்ளிக் கிள்ளி வாய்க்குள் வைத்தார். தூள் உதட்டோரத்தில் விழுந்தது, லேஞ்சியால் துடைத்துக்கொண்டார். யாரோ மழையைப் பற்றிக் கதைத்தார்கள். மற்றப் பாதியை என்னிடம் தந்தார். நான் அழவில்லை. அழுதால் எல்லோரும் அவரைப் பார்ப்பார்கள் என்று குசினிக்குப் போய் அழுதேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மார்கழியும் நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றீர்கள். ஒருநாளும் அந்தப் பிஸ்கட்டை மதித்ததில்லை. "இது வேகாத கேக்கு, பேர மாத்தி வச்சிரிக்கிங்க" என்பீர்கள். ஆனால் நத்தாரன்று நான் அனுப்பும் பங்கில் ஒரு துண்டும் மிஞ்சாது என்று உங்கள் மகன் எனக்குச் சொல்லியிருக்கிறான்.

நோன்புப் பெருநாள் கழித்து அடுத்த கிழமை நீங்கள் போய்விட்டீர்கள். நானும் தையல்கார அக்காவும் காத்தான்குடியில் உங்கள் வீட்டுக்கு வந்து உங்கள் மனைவியைக் கண்டோம். அவ என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டா: "ஒண்டு கேக்கணும் தங்கச்சி. உங்கட பிஸ்கட்ட மட்டும் ஏன் அவர் அப்பிடி மெதுமையா எடுத்துத் தாற? எத்தின தரம் கேட்டும் சொல்லல்ல. அது அவங்கட வீட்டு விசயம் எண்டுட்டாரு."

சொந்த மனைவிக்கும் சொல்லவில்லையா? திரும்பி வரும்போது ஓட்டோவில் அக்காவிடம் அதைச் சொன்னேன். அவ வெளியே பார்த்தபடி சொன்னா: "அண்டைக்கு நீ போனதும் நானா கடைக் கதவச் சாத்திப்போட்டு எங்க நாலு பேரையும் கும்பிடாத குறையாக் கேட்டவர். 'இத இஞ்சயே விட்டுட்டுப் போங்க' எண்டு. நாங்க ஒருத்தரும் மூச்சு விடல்லகா."

அப்படியென்றால் ஊருக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியும் என்று நம்பித்தான் அவர் அறையை விட்டு வெளியே வந்தார். அன்றைக்குப் படலையில், "இல்ல, நான் அவங்கள அடக்கிட்டன், ஒருத்தருக்கும் தெரியாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் பேர் நிமிர்ந்திருக்கும், அவர் திரும்பவும் அறைக்குள் போயிருப்பார். அவர் சிரித்ததைக் கண்டு அந்த வார்த்தையை விழுங்கிவிட்டீர்கள். காக்கவேண்டிய நான் கத்தினேன். கேட்டுவிட்ட நீங்கள் கடைசி வரைக்கும் காத்தீர்கள். இதற்கு நான் உங்களுக்கு நன்றி சொல்லவில்லை, நானா. எனக்கு அது தெரிந்தபோது கேட்க நீங்கள் இல்லை.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "அப்ப அண்டைக்கு ஒருத்தருக்கும் தெரியாமலா நான் அவ்வளவு பேருக்கு முன்னால இருந்து சாப்பிட்டனான்?" என்றார். பிறகு, "நல்ல மனிசன். என்னையும் ஏமாத்திப்போட்டார்" என்றார். அவருக்குக் கண் கலங்கியது.

இன்று தட்டை உங்கள் மகனிடம் கொண்டுபோனேன். அவன் கரண்ட் போறணை போட்டுவிட்டான். நேரம் முடிந்தால் மணி அடிக்கிறது. மணி அடித்ததும் தட்டை எடுத்து, விரலால் ஒன்றை அமுக்கிப் பார்த்தான். உங்கள் முகமேதான்.

"மாமி, இது பச்சையா இரிக்கே. இன்னும் ரெண்டு நிமிசம் விடுவமா?"

பார்க்க எனக்கும் பச்சையாகத்தான் இருந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும், தட்டைத் திரும்ப உள்ளே தள்ளக் கை துடிக்கிறது. "வேணாம் மகன், ஆறட்டும்" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். ஏன் பார்க்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் கண்டேன், என் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தன.