பக்கத்துக் கட்டிலின் சுரூபம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். எப்போதும் எழுதுகிற வரிதான், இந்த முறை மனதார எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

கோபப்படாமல் படி. அப்பாவுக்குச் சளி, அதனால்தான் போனுக்கு வரவில்லை என்று சொன்னேன் அல்லவா, அது பொய். தொண்டையில் கட்டி, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பயப்படாதே, பரிசோதனை முடிவு வந்துவிட்டது, கெட்ட கட்டி இல்லையாம். அதைக் கேட்ட பிறகுதான் பேனாவை எடுத்தேன். பஸ் நிலையத்தில் மைக் பிடித்து ஊரையே வண்டி ஏற்றுகிற மனுஷன், குரல் திரும்பி வராவிட்டால் என்ன ஆவாரோ என்று ராத்திரியெல்லாம் ஜெபமாலை உருட்டினேன்.

அவர் கழுத்தில் கிடக்குமே, தொண்டை நோய்க்குக் காவலான புனிதரின் உருவம் பதித்த பழைய சுரூபம், பின்பக்கக் கண்ணாடிக்குள் அருளிக்கமாக அவர் உடுத்திய துணியில் ஒரு நூலிழை இருக்குமே, அதை ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் கழற்றி வாங்கி வைத்தார். திருப்பிக் கொடுத்த பிறகு அப்பா அதை ஒரு தடவைகூட உதட்டில் வைத்து முத்தி செய்யவில்லை. பல் தேய்க்க மறந்தாலும் அதை மறக்காத ஆள். டாக்டர் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொல்லியிருக்கிறார், இவர் நம்பிக்கையை விட்டுவிட்டார் என்றே முடிவு கட்டிவிட்டேன். கேட்டால், பேசக் கூடாது என்பதால், சிலேட்டில் ஒன்றுமில்லை என்று எழுதி அழித்துவிடுவார். பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி ஓட்டுநர், அவருக்கும் தொண்டைதான், ஆபரேஷனுக்குக் காத்திருந்தார். பயத்தில் தன் சுரூபத்தை உள்ளங்கையில் வைத்து மூடியபடியே தூங்குவார். அந்த நம்பிக்கையைப் பார்த்து எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அவருக்கும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் டாக்டர் வந்து அப்பாவிடம், மெதுவா ஏதாவது சொல்லுங்க பார்ப்போம் என்றார். என் பெயரைச் சொல்வார் என்று பக்கத்தில் போய் நின்றேன். அவர் பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்து, கரகரவென்று, அண்ணே, உங்க புனிதர் ரொம்ப நல்லவரு, இனிமே எங்க ஆளைக் குடுத்துடுங்க என்றார்.

அன்று ஸ்கேனுக்காக ஓட்டுநரும் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்திருந்தாராம், நர்ஸ் இரண்டையும் ஒரே மாதிரி டப்பாவில் போட்டு மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஓட்டுநருடையது பயணிகளைக் காக்கும் புனிதர், அதிலும் பின்னால் அதே மாதிரி கண்ணாடி, அதே மாதிரி நூலிழை. காலகாலமாக முத்தி செய்து இரண்டு பேருக்கும் மூக்கும் இல்லை, தாடியும் இல்லை. அப்பாவுக்கு மட்டும் விரல் பட்டவுடனே தெரிந்துவிட்டதாம். சிலேட்டில் எழுதினால் என்ன, என் உயிர் போச்சே என்று கத்தினேன். ஆபரேஷனுக்குப் போற மனுஷன் கையில இருந்து எப்படிப் பிடுங்குறது, அவருக்கு முடியட்டும்னு இருந்தேன் என்றார். சரி, அந்தப் புனிதரையாவது முத்தி செய்திருக்கலாமே என்றேன். அவருக்கு ரோட்டுல ஆயிரம் வேலை, நான் வேற தொந்தரவு பண்ணணுமா என்கிறார். இந்த மனுஷனோடு எப்படித்தான் குடும்பம் நடத்தினேனோ! சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன், டாக்டர் முன்னாலேயே.

நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையிடமும் விஷயத்தைச் சொல். கடவுள் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். கடிதம் கிடைத்ததும் போன் செய். மணி அடித்தால் நான் எடுக்க மாட்டேன், அவரே எடுக்கட்டும்.

உன் அம்மா