சித்தி எழுந்து சொன்ன ஸ்தோத்திரம்

என் அன்பு மகளுக்கு, ஓய்வு விடுதியின் கடைசி அறையையும் அதன் ஒற்றை ஜன்னலையும் ஆண்டுவரும் உன் சித்தப்பா கர்த்தருடைய நாமத்தில் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நீ சுகமாயிருப்பாய் என்று விசுவாசிக்கிறோம். எங்கள் சுகத்தைக் கீழே எழுதியிருக்கிறேன், உட்கார்ந்து படி.

சபை ஏற்பாட்டில் கடலோரத்துக்கு ஓய்வுக்கு வந்திருக்கிறோம் என்று போனில் சொன்னேனே, அது உண்மைதான். இங்கே அடிக்கிற காற்றில் கொடியில் கிடந்த என் சட்டை இந்நேரம் அடுத்த கண்டத்தில் இறங்கியிருக்கும், அதை யாரோ போட்டுக்கொண்டு திரிவார்கள். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்கு நான் வைத்த பெயர் சேனாதிபதி. சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொருவரும் எழுந்து கர்த்தருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும், ஒருவர் சொன்னதை மற்றவர் சொல்லக்கூடாது, இது அவர் போட்ட சட்டம். அதனால் காற்று, கடல், தூக்கம் என்று சுலபமானதைப் பிடிக்க ஒரே அடிதடி. ரிட்டயரான தபால்காரர் ஒருவர் தினமும் முதல் ஆளாய் எழுந்து சோற்றுக்காக ஸ்தோத்திரம் என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார், அவர் நம் தட்டையே பிடுங்கிவிட்டது போல எல்லோரும் முறைப்போம்.

முந்தாநாள் என் முறை வருவதற்குள் எல்லாம் தீர்ந்துபோயிற்று. உன் சித்தப்பன் வாய் சும்மா இருக்குமா, என் மனைவிக்குப் பூரண சுகம் தந்த தேவனுக்கு ஸ்தோத்திரம், அவள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து தெருநாய்களே ஒதுங்கி வழிவிடுகின்றன என்று அளந்துவிட்டேன். கூடமே ஆமென் என்று அதிர்ந்தது, தபால்காரர் அழுதேவிட்டார். உன் சித்தி மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான் மகளே. ஆபரேஷனில் எடுத்த கட்டி திரும்ப வந்துவிட்டது, ஈரல்வரை பரவியாயிற்று, இனி செய்ய ஒன்றுமில்லை, எங்காவது நிம்மதியாக வைத்திருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் நான் கோமாளி வேஷம் கட்டிக்கொண்டிருந்தேன். அன்று அறைக்கு வந்ததும், எனக்கு எல்லாம் தெரியுங்க, டாக்டர் உங்ககிட்ட பேசினப்ப கதவைச் சரியா சாத்தலை, நீங்க பாவம்னுதான் பேசாம இருந்தேன், ஆனா ஆண்டவர்கிட்டயுமா அளப்பீங்க என்று கேட்டாள்.

நேற்று அவளே என் தோளைப் பிடித்து எழுந்தாள். எனக்கு சுகமாகலை, ஆகவும் ஆகாது, ஆனா வலி வர்றப்பல்லாம் இந்த மனுஷன் ஏதாவது புளுகி என்னைச் சிரிக்க வைக்கிறாரு, அதுக்கு ஸ்தோத்திரம் என்று சொல்லி உட்கார்ந்தாள். ஆமென் சொல்ல ஆளில்லை. சேனாதிபதி அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சோறு அப்படியே ஆறிப்போயிற்று.

உனக்கு வேலை நிரந்தரமாகிற நேரம், பிள்ளை பதறிவிடுவாள், மூச்சு விடாதீங்க என்பது அவள் கட்டளை. போனில் பேசினால் பக்கத்திலேயே இருக்கிறாள், அதனால்தான் கூரியரில் இந்தக் கடிதம். அப்பா அம்மா இல்லாத உன்னை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தவள் அவள், உன்னிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. திட்டுவாள், வாங்கிக்கொள்கிறேன். லீவு கேள், தராவிட்டால் கேட்காமல் வா.

வழியெல்லாம் கர்த்தர் உன் கூடவே வருவாராக. ஒன்றை மட்டும் மறக்காதே, மத்தியானத்துக்கு மேல் வலி மருந்து மயக்கத்தில் அவளுக்குப் பேச்சு குழறுகிறது. காலையில் இங்கே வந்து சேருகிற பஸ்ஸாகப் பார்த்து ஏறு.

வாசலில் நிற்கும்
உன் சித்தப்பா