ஸ்டே வயலில் ஓடிய உன் வண்டி

என் அரசி அக்காவுக்கு,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். என் மகள் யாழினி இப்போதுதான் கண்ணயர்ந்தாள். பல் முளைக்கிற சூடா, இல்லை நான்தான் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சூடாக்குகிறேனா, தெரியவில்லை. ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணினால் அதுதான் காரணம்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் வண்டி ஓடியது அக்கா. ஓடியது மட்டுமில்லை, கடைசி வரை ஓடி முடித்தது. ரேலியில் முன்சக்கரம் இழுக்கிற கார்களில் முதலாவதாக வந்தது. கோப்பை இப்போது அப்பாவின் தலைவர் படங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. அதற்கு இடம் விட அப்பா ஒரு தலைவரைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினார் என்றால் நம்புவாயா?

ஆஸ்பத்திரியில் உன் கண்ணெல்லாம் மஞ்சளாக இருந்தது. அப்போது நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வண்டிய வித்துடாதீங்க கயலு. ஒரு கார் ரேலியாவது முழுசா ஓட்டி முடிங்க. அப்புறம் பேரீச்சம்பழத்துக்குப் போட்டாலும் சரி." உடனே தலையாட்டினேன். யார் ஓட்டுவது என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நம் கணக்குப்படி நீ ஓட்டுவாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து வழியைப் படிப்பேன். அப்படித்தானே இருந்தது?

நீ போன பிறகு வண்டி நம் டிராக்டர் பட்டறையின் மூலையில் கட்டைமேல் நின்றது. எஞ்சினை நீ முடித்துவிட்டாய். வயலில் இறங்கும் டிராக்டருக்குக் கூண்டுச் சக்கரம் பற்றவைத்த அதே கையால், வண்டி உருண்டாலும் ஆளைக் காக்கிற இரும்புக் கூண்டையும் உள்ளே கட்டிவிட்டாய். சீட்டு, ஒயர், பிரேக் குழாய் எல்லாம் பாக்கி. போகிறவர்கள் வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "பொம்பளப் புள்ள கட்டுன வண்டி, பட்டற வாசலத் தாண்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். வயிற்றில் யாழினி உதைப்பாள்.

அவள் பிறந்து, தலை நின்ற பிறகுதான் ஆரம்பித்தோம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் வீட்டுக்காரர் முருகேசன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்வார். கல்லடி படாமல் இருக்க பிரேக் குழாயை வண்டிக்கு உள்பக்கமாகக் கொண்டுபோனோம். எஞ்சினுக்கு அடியில் நீ வெட்டி வைத்திருந்த கனத்த தகட்டை மாட்டினோம். பின்சீட்டு, கதவு அட்டை, தரைவிரிப்பு எல்லாம் போயின. அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் கேட்டாள், "கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டு காட்டுல கார் ஓட்டச் சொல்லி எந்த டாக்டர் எழுதிக் குடுத்தாரு?"

நியாயமான கேள்விதான் அக்கா. எனக்கும் பயம்தான். பால் குடிக்கிற குழந்தையை விட்டுவிட்டு நான் ஏதாவது ஆகிப் போனால்? ராத்திரியெல்லாம் அந்த ஒரு கேள்விதான் என்னோடு விழித்திருந்தது. ஆனால் பகலில் வண்டிக்குள் உட்கார்ந்து உன் கூண்டைக் கையால் தடவும்போது அது கொஞ்சம் அடங்கும். ஒவ்வொரு வெல்டிங் பற்றையும் நீ தட்டிப் பார்த்துவிட்டுத்தானே அடுத்ததற்குப் போவாய்?

வண்டியைக் கட்டியாயிற்று. ஓட்டிப் பழக இடம் வேண்டுமே. தார் ரோட்டில் பஸ். வாய்க்கால் கரையில் மாடு. மற்றதெல்லாம் யாரோ ஒருவரின் வயல். இந்த வருஷம் மேட்டூர் திறக்கவில்லை, குறுவை இல்லை, நிலமெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. ஆனாலும் யார் வயலில் கார் விட விடுவார்கள்? மிச்சம் இருந்தது ஒரே இடம். பெரிய பண்ணையின் ஸ்டே வயல்.

அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ராஜாங்கம் மாமாவின் ஆட்கள், "தலமொறையா உழுவுறோம், குத்தகைய எங்க பேர்ல பதிஞ்சு குடு" என்கிறார்கள். பண்ணைக் காரியஸ்தர் வைத்தியநாதன், "கூலிக்கு வந்தவங்க, குத்தகையாவது ஒண்ணாவது" என்கிறார். தீர்ப்பு வரும்வரை இரண்டு தரப்பும் ஏர் இறக்கக்கூடாது என்று கோர்ட்டில் ஸ்டே, தடை உத்தரவு. இரண்டு பேர் டிராக்டரும் நம் பட்டறைக்குத்தான் வரும் என்பதால் நமக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். அந்தத் தைரியத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை இறக்கிவிட்டேன்.

ஒரு சுற்று முடிவதற்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் ஓடி வந்தார்கள்.

"யாரக் கேட்டும்மா வண்டிய எறக்குன?" என்றார் காரியஸ்தர். "நாளைக்கு இந்த டயர் தடத்தக் காட்டி, நெலம் எங்க அனுபவத்துல இருக்குன்னு இவங்க கோர்ட்ல சொல்லுவாங்க."

ராஜாங்கம் மாமா இடுப்புத் துண்டை உதறித் தோளில் போட்டார். "தடத்தக் காட்டி நெலம் வாங்குற வித்தையெல்லாம் உங்க பண்ணைக்குத்தான் தெரியும் காரியக்காரரே. பாப்பா, நெசத்தச் சொல்லு. ஒன்ன இவரு அனுப்புனாரா?"

"யாரும் அனுப்பல மாமா. அக்கா வண்டி. ரேலிக்குப் பழகறேன்."

உன் வண்டி என்றதும் காரியஸ்தர் வரப்பில் உட்கார்ந்தார், மாமா துண்டை மறுபடி இடுப்பில் கட்டினார். அப்புறம் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். நான் ஓட்டும்போதெல்லாம் இரண்டு தரப்பிலிருந்தும் ஒரு ஆள் வரப்பில் நிற்க வேண்டும். ஓட்டி முடித்ததும் தடத்தை அழித்துவிட வேண்டும். நான் அப்பாவியாக, "பரம்புப் பலகை போட்டு மண்ணச் சமமா இழுத்துடறேன்" என்றேன்.

"ஐயையோ!" இரண்டு பேரும் ஒரே குரலில். "பரம்படிச்சா அது சாகுபடி ஆயிடுமேம்மா!"

கடைசியில் ஒரு கருவேல முள்மரத்தைக் கயிற்றில் கட்டி டிராக்டர் பின்னால் இழுத்து அழித்தோம். முள்ளை இழுப்பது சாகுபடி இல்லையாம். சட்டம் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்போது வருகிறது நான் உன்னிடம் சொல்லத் துடித்துக்கொண்டிருக்கும் கதை. வண்டி திரும்ப மாட்டேன் என்றது அக்கா. ஸ்டியரிங்கை ஒடித்தால் சக்கரம் ஒடிகிறது, வண்டி மட்டும் நேராகவே போகிறது. மண்கட்டியில் வழுக்கி வழுக்கி வரப்பில் போய் முட்டி நிற்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்னும் மோசம். இதோடு ரேலிக்குப் போனால் முதல் வளைவிலேயே மரத்தில்தான் நிற்பேன். உனக்குக் கொடுத்த வாக்கும் அங்கேயே நிற்கும்.

வரப்பிலிருந்து யோசனை வந்தது. முதலில் ராஜாங்கம் மாமா. "பின்னாடி பாரம் பத்தல பாப்பா. டிராக்டர்னா பின்சக்கரத்துல பாரம் இருந்தாத்தானே மண்ணப் புடிக்கும்?" காரியஸ்தர் தலையாட்டினார். "அதான் நானும் சொல்ல வந்தேன். டிக்கியில மூட்டை போடச் சொல்லுங்க." வழக்கு தொடங்கிய நாளிலிருந்து அந்த இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். டிராக்டர் பட்டறையில் பிறந்து வளர்ந்த எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. அதில் ஒரு பஞ்சாயத்து வேறு. ஒரு தரப்பு நெல் மட்டும் ஏறக்கூடாதாம். ஆகவே ஆளுக்கு ஒரு மூட்டை.

நெல் மூட்டை இரண்டையும் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். முதல் திருப்பத்தில் வண்டி வரப்பைத் தாண்டி வாய்க்காலுக்குள் போய் மூக்கைக் குத்தியது. தண்ணீர் இல்லாத வாய்க்கால், தெய்வாதீனம். உன் கூண்டு தாங்கியது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பட்டறை வாசலில் அம்மா போட்ட கூச்சல் வயல் வரைக்கும் கேட்டது.

எதிர்க்கரை ஏறினால் வீடு பக்கம். முன்கியரில் ஏற்றப் பார்த்தேன். மூக்கு மேலே தூக்கியது, முன்சக்கரம் இரண்டும் புழுதியை வாரி இறைத்தன, வண்டி அசையவில்லை. இரண்டு தரப்பு ஆட்களும் சேர்ந்து தள்ளினார்கள். ம்ஹூம். எனக்கு அழுகை வந்துவிட்டது. யாழினிக்குப் பால் நேரம் வேறு. எக்கேடோ கெட்டுப் போ என்று பின்கியரைப் போட்டு, வந்த வழியே மிதித்தேன்.

ஏறிவிட்டது அக்கா! மாடிப்படி ஏறுகிற மாதிரி, முக்காமல் முனகாமல், பின்பக்கமாக ஏறி வயலில் நின்றது.

நான் இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். முன்னால் ஏறும்போது பாரமெல்லாம் பின்னால் சரிகிறது, இழுக்கிற முன்சக்கரம் லேசாகிவிடுகிறது. பின்பக்கமாக ஏறும்போது மொத்தப் பாரமும் முன்சக்கரத்தின் தலையில். இது டிராக்டர் இல்லை. இதற்குப் பாரம் மூக்கில் வேண்டும். மூன்று வருஷம் பௌதிகம் படித்தவளுக்கு இது தெரிய வாய்க்காலில் விழ வேண்டியிருந்தது. நீயாக இருந்தால் விழாமலே தெரிந்திருக்குமா? இல்லை, நீயும் ஒரு தடவை விழுந்திருப்பாயா?

மூட்டைகளை இறக்கினோம். திருப்பத்துக்கு முன்னால் இடது காலால் பிரேக்கைத் தொட்டேன், வலது காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுக்காமல். பாரம் முன்னால் வந்து உட்கார்ந்தது. மூக்கு வளைவுக்குள் திரும்பியது. ஆனால் வால் கூடவே வர மறுத்தது. அப்போதுதான் அந்தக் கம்பி நினைவுக்கு வந்தது. பட்டறைச் சுவரில் நீ மாட்டி வைத்திருந்த, வளைந்த, கட்டைவிரல் கனத்துக் கம்பி. இத்தனை மாதமும் அம்மா அதில்தான் யாழினியின் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்! துணியை எடுத்துவிட்டு அளந்து பார்த்தால், பின்சக்கரம் இரண்டையும் இணைக்க நீ செய்து வைத்த கம்பி. பின்பக்கம் விறைப்பானால் வால் இலேசாக வழுக்கும், வண்டி தானாகச் சுற்றும். எல்லாம் யோசித்துத்தான் வைத்திருந்தாய். சொல்லத்தான் நேரம் இல்லாமல் போயிற்று.

அதை மாட்டிய அன்று வண்டி ஸ்டே வயலில் பம்பரம் மாதிரி சுற்றியது. வரப்பில் நின்ற இரண்டு சாட்சிகளும் விசிலடித்தார்கள்.

வண்ணத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். அப்பா கறுப்பு சிவப்புதான் அடிக்க வேண்டும் என்றார். முருகேசன் பவ்யமாக, "மாமா, ஆட்சி மாறுனா வண்டிக்கும் வர்ணம் மாத்தணும், பரவால்லயா?" என்று கேட்டார். வெள்ளை அடித்தோம்.

ரேலி வல்லத்துக்குத் தெற்கே, முந்திரிக் காட்டிலும் தைலமரக் காட்டிலும். நம் கறுப்பு மண் இல்லை, செம்மண் சரளை. காலையில் வண்டியைச் சோதிக்க ஒரு பெரியவர் வந்தார். கூண்டின் பற்று ஒவ்வொன்றையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். "யாரும்மா வெல்டிங்?" "எங்க அக்கா சார்." "அவங்கள நான் பாக்கணுமே" என்றார். "நானும்தான் சார்" என்றேன்.

ராஜாங்கம் மாமாவும் காரியஸ்தரும் ஒரே டிரெய்லரில் வந்து இறங்கினார்கள். டிராக்டர் மாமாவுடையது, டீசல் பண்ணையுடையது. இரண்டு தரப்பு ஆட்களும் டிரெய்லரின் இரண்டு ஓரத்தில், நடுவில் இடம் விட்டு.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து யாழினிக்குப் பால் கொடுத்தேன். அம்மா துண்டைப் பிடித்து மறைத்துக்கொண்டு நின்றாள். ஹெல்மெட்டைப் பார்த்துக் குழந்தை சிரித்தது. "சிரிக்காதடி, ஒங்கம்மாவுக்குக் கிறுக்கு" என்றாள் அம்மா. ஆனால் என் ஹெல்மெட் வாரைக் கட்டிவிட்டது அவள்தான்.

முருகேசன் பக்கத்தில் உட்கார்ந்து, வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிற குரலிலேயே வழி படித்தார். "வலது, லேசு. அடுத்தது இடது, போகப் போக இறுகும், உள்ளோரம் வெட்டாத." கடைசி ஓட்டத்தில் முந்திரிக் காட்டுக்குள் ஒரு கொண்டை ஊசி வளைவு. எனக்கு முன்னால் போன வண்டி அங்கேதான் நேராகப் போய்ப் புதருக்குள் நின்றிருந்தது. அதைப் பார்த்ததும் யாழினி முகம் வந்தது. காலை எடுத்துவிடலாமா என்று ஒரு கணம். எடுத்தால் நேராகத்தான் போவேன்.

இடது காலை வைத்தேன். பாரம் மூக்குக்கு வந்தது. கைபிரேக்கை ஒரு இழு இழுத்தேன். வால் வெளியே வீசிச் சுற்றியது, மூக்கு முந்திரி மரத்தை உரசாமல் உள்ளே நுழைந்தது, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தேன். முன்சக்கரம் இரண்டும் சரளையைக் கவ்வி எங்களை இழுத்துக்கொண்டு போயின. நான் கத்தினேன் அக்கா, தொண்டை கிழிய. உன் பேரைத்தான் கத்தினேன் என்று முருகேசன் சொல்கிறார். அவரும் அடுத்த வளைவைச் சொல்ல மறந்துவிட்டார்.

முடிவுக் கொடியைத் தாண்டியதும் டிரெய்லரில் நடு இடமே இல்லை. எல்லோரும் ஒரே குவியலாகக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒற்றுமை ஊர் எல்லை வரைதான். திரும்பி வரும்போதே, கயலை வாய்க்காலில் விழ வைத்துப் புத்தி சொன்னது எங்கள் மூட்டையா உங்கள் மூட்டையா என்று சண்டை ஆரம்பித்துவிட்டது. அடுத்த வாய்தாவில் அதையும் வழக்கில் சேர்த்தாலும் சேர்ப்பார்கள்.

பேரீச்சம்பழத்துக்குப் போட மாட்டேன். வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த ரேலிக்கும் போவேன், அதற்கடுத்ததற்கும். கதவில் உன் பேர் மேலே, என் பேர் கீழே. யாழினிக்குக் கால் எட்டுகிற நாள் வந்தால் அவள் பேருக்கும் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான் இன்னும் பிடிபடவில்லை. மழை பெய்த செம்மண்ணில் பின்டயருக்குக் காற்றைக் குறைக்கலாமா, கூட்டலாமா? இங்கே யாரைக் கேட்டாலும் டிராக்டர் கணக்குத்தான் சொல்கிறார்கள். அடுத்த ரேலி மழைக்காலத்தில். சீக்கிரம் பதில் போடு அக்கா.

உன் தங்கச்சி,
யாழினியின் அம்மா,
கயல்